நடை பயிலும் விளையாட்டு

நடை என்னுஞ் சொல் காலின் இயக்கத்தைக் குறிக்கும், ஒழுக்கத்தைக் குறிக்கும், எழுத்தின் போக்கையுங் குறிக்கும். இம்மூன்றனுக்கும் ஒரு சொல்லே அமைந்தமை பொருத்தமுடைத்து. தொலைவில் வருவானொருவனை முகம் புலப்படுமுன்னரே நடையால் இனங்காணலாம். அவன் சுமையொடு வருகின்றானா, வெறுங்கையனாய் வருகின்றானா, மேடேறுகின்றானா, பள்ளம் இறங்குகின்றானா என்பனவற்றையும் நடையே உரைத்துவிடும். எழுத்தும் அத்தகையதே. எழுதியவர் யாவர், எவரை நோக்கி எழுதினார், எதனை வேண்டி எழுதினார் என்னும் மூன்றையும் பொருள் முற்றும் விளங்குமுன்னரே நடை உணர்த்தும்.

ஆயின், பாடசாலைகளில் நடை கற்பிக்கப்படும் முறை இவ்வுண்மைக்கு இயைந்ததாக இல்லை. எளிய நடை, கடுநடை, அணிநடை, தனித்தமிழ் நடை எனப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. நாவலர் நடை தெளிவுடையது, திரு. வி. க. நடை சிறு வாக்கியங்களால் இயன்றது, மறைமலையடிகள் நடை வடசொல் விலக்கியது என மாணவர் மனப்பாடஞ் செய்கின்றனர். பரீட்சையில் அவற்றை ஒப்புவித்து மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் அதே மாணவர் தமையனுக்குக் கடிதம் எழுதினும், அதிபருக்கு விண்ணப்பம் எழுதினும், மழையைப் பற்றிக் கட்டுரை எழுதினும் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தாற்போல இருக்கின்றன. உணவுகளின் பெயரைக் கற்றவர் சமைக்கக் கற்றவராகார். நடைகளின் பெயரைக் கற்றவர் நிலையும் அதுவே.

இக்குறையைப் போக்குதற்கு மொழியாசிரியர் கையாளும் முறைகளுள் ஒன்று குழு விளையாட்டு. வகுப்பைச் சில குழுக்களாகப் பிரித்தல், ஒரே செய்தியை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு நடையில் எழுதுமாறு செய்தல், எழுதியதனை உரக்கப் படிக்கக்கேட்டு அதன் நடை இன்னதென ஏனைக் குழுக்கள் கண்டறிதல் என்பன இதன் உறுப்புக்கள். இம்முறையின் தகுதியையும் தகுதியின்மையையும் ஆராய்தற்கு ஏற்ற களம் சபரகமுவ மாகாணத்து எஹலியகொடவைச் சூழ்ந்த தோட்டப்புறம். ஈண்டுக் குறித்ததொரு பாடசாலை கூறப்படவில்லை; அப்பகுதித் தமிழ் வகுப்பறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. அக்களத்தைத் தெரிதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

'கல்வி கற்குமிடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை?' என வினவுவார் உளர். அவர்க்குத் தமிழ் மரபே விடை கூறும். ஈற்றடி கொடுத்து வெண்பாவை நிரப்பச் செய்தல், ஒருவர் முடித்த சொல்லிலே மற்றவர் தொடங்கிப் பாடுதல், விடுகதை போட்டு விடுவித்தல் என்பன தலைமுறை தலைமுறையாக மொழிப்பயிற்சிக்கு உதவிய விளையாட்டுக்களே. இவையெல்லாம் பெரும்பாலும் செய்யுளைச் சார்ந்தவை. உரைநடையோ அச்சுப்பொறி பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பொதுமக்கள் கருவியாயிற்று. ஆதலின், செய்யுளுக்கு வாய்த்த விளையாட்டுக்கள் உரைநடைக்கு வாய்க்கவில்லை. குழு முறையில் நடை பயிற்றுதல் அவ்வெற்றிடத்தை நிரப்ப முயலும் ஒரு புது வரவு எனலாம்.

புது வரவாயினும் இதன் வேர் பழையதே. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டினை மாத்திரம் இலக்கியமெனக் கொண்டு அமையவில்லை. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகையையும் அது ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. விடுகதையாகிய பிசியும் பழமொழியாகிய முதுசொல்லும் நூலோடு ஒரே வரிசையில் இடம்பெற்றமை கருதத்தக்கது. மேலும், அவ்வியல் கூறும் வனப்பு எட்டனுள் புலன் என்பது ஒன்று. தெருவில் வழங்கும் மொழியால் ஆகி, ஆராய்ந்து பொருள் தேடவேண்டாது கேட்டவுடன் விளங்கி நிற்பது புலன். பேச்சுவழக்கை வழுவெனத் தள்ளாது வனப்பென ஏற்றுக்கொண்ட இலக்கணப் பெருமை தமிழுக்கு உண்டு. தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் என இருநெறி வகுத்துக் குணங்கள் பத்தினால் அவற்றை வேறுபடுத்திக் காட்டியது. நன்னூல் தகுதி வழக்கின்கண் குழூஉக்குறியையும் சேர்த்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என உரையாசிரியர் காட்டும் உதாரணம் யாவரும் அறிந்தது. ஒரு கூட்டத்தார்க்கு ஒரு மொழிப்போக்கு உண்டு என்பதும், அது இகழ்ச்சிக்குரியதன்று என்பதும் இவற்றாற் பெறப்படும்.

பிற நாட்டாரும் இவ்வழியிற் சென்றுள்ளனர். பழைய கிரேக்க, உரோமப் பள்ளிகளில் சொல்லாற்றல் பயில்வோர், கதையிலோ வரலாற்றிலோ வரும் ஒருவர் வாயிலாகப் பேசிப் பழகினர். கி. பி. நான்காம் நூற்றாண்டினராகிய அப்தோனியசு இயற்றிய பயிற்சி நூலில், மக்களை இழந்த நியோபி என்னுந் தாய் யாது கூறுவாள் என்பது ஒரு பாடமாக அமைந்துள்ளது. அண்மைக் காலத்தில், பிரெஞ்சு எழுத்தாளர் இரேமோன் கெனோ 1947இல் வெளியிட்ட நூலொன்றில் பேருந்தில் நிகழ்ந்த அற்ப நிகழ்ச்சி ஒன்றனைத் தொண்ணூற்றொன்பது வகையாக எழுதிக் காட்டினார். நிகழ்ச்சி அற்பமாயிருந்தமையே அந்நூலின் வலிமையாயிற்று. படிப்போர் கவனம் பொருளை விட்டு நடையின்மேற் பதிந்தது.

இனி, களத்தை நோக்குவாம் என்பார்க்கு எஹலியகொட காட்டுவன பல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பெருந்தெருவில், அவிசாவளைக்கும் குருவிற்றைக்கும் இடையே உள்ள ஊர் அது. தேயிலையும் இறப்பரும் அதனைச் சூழ்ந்துள்ளன. மழை மிக்க பிரதேசம். சுற்றிலும் வழங்குவது சிங்களம். தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளை வீட்டிற் கேட்பது, தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து முன்னோர் கொணர்ந்து இலங்கை மண்ணிற் பக்குவப்பட்ட பேச்சுத் தமிழ். பாடநூலிற் காண்பது வேறொரு தமிழ். வானொலிச் செய்தி பிறிதொரு தமிழ். கோயிலிற் கேட்கும் தேவாரமும் புராணக் கதையும் இன்னொன்று. கடைத்தெருவிற் சிங்களம், தோட்ட அலுவலகத்தில் ஆங்கிலம் கலந்த ஏவல். ஒருநாட் பொழுதிற்குள் இத்தனை நடைகளும் அப்பிள்ளையின் செவியில் விழுகின்றன. நடை வேற்றுமையைச் செவியால் அறிந்தும், அறிந்ததனைப் பெயரிட்டுச் சொல்லவும் எழுத்திற் பயன்படுத்தவும் அறியாத மாணவர்க்கே இவ்விளையாட்டு மிகவும் வேண்டப்படுவது.

தோட்டத்துச் சொற்களே ஒரு தனி அகராதிக்குப் போதுமானவை. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் அணிவகுப்பு 'பெரட்டு' எனப்படும். ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. 'மடுவம்' சிங்களத்திலிருந்து வந்தது. 'பேர்' என்பது பிறவிடங்களில் ஒருவரின் பெயர். தோட்டத்திலோ அது ஒருநாள் வேலைப் பதிவையுங் குறிக்கும். அரை நாள் வேலைக்கு 'அரைப்பேர்' என்பர். சிரட்டையிலும் வெட்டுவாயிலும் உறைந்து ஒட்டிய இறப்பரைக் குறிக்கும் 'ஒட்டுப்பால்' என்னுஞ் சொல் சிங்களத் தொழிலாளரிடத்தும் 'ஒட்டபாலு' என வழங்குகின்றது. கடன் கொண்டது போலவே கடன் கொடுக்கவும் வல்ல மொழி இது என்பதற்கு அஃதொன்றே சான்று.

விளையாட்டின் அமைப்பு எளியது. ஐவர் அல்லது அறுவர் கொண்ட குழுக்களாக வகுப்பைப் பிரித்து, பொதுவான நிகழ்ச்சி ஒன்றனைக் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதுதல் வேண்டும். குழுவுக்கு ஒரு சீட்டு எடுக்கப்படும். சீட்டில் நடையின் பெயர் இராது. சொல்வோர் யாவர், கேட்போர் யாவர், எக்காரணம் பற்றி என்னும் மூன்றே இருக்கும். இது சிறு வேறுபாடாகத் தோன்றினும் முறையின் உயிர்நாடி இதுவே. கால் மணி நேரத்திற் குழுவினர் கூடி எழுதுவர், ஒருவர் படிப்பர். கேட்ட குழுக்கள் அம்மூன்றையும் ஊகித்துக் கூறுவதோடு, ஊகத்துக்குக் காரணமான சொற்கள் இரண்டையேனும் எடுத்துக்காட்டல் வேண்டும். சரியாக உணரப்பட்டால் எழுதிய குழுவுக்கும், சான்று காட்டினால் கேட்ட குழுவுக்கும் புள்ளி உண்டு. அந்நடைக்கு ஒவ்வாத சொல் புகுந்திருப்பின் அதனைக் கண்டோர்க்கு மேலும் ஒரு புள்ளி.

ஓர் உதாரணம் கொள்க. 'விடியற்கால மழையினால் இன்று பால்வெட்டு நடைபெறவில்லை' என்பது நிகழ்ச்சி. எஹலியகொடப் பிள்ளைகட்கு இதனினும் பழக்கமான செய்தி பிறிதில்லை. குழுக்கள் எழுதக்கூடியன பின்வருமாறு அமையலாம்.

பால்வெட்டும் பெண் தன் மாமியாரிடம்: "விடியக்காலம் புடிச்ச மழ அத்தே, இன்னும் விட்டபாடில்ல. பெரட்டுல நின்னு நனைஞ்சதுதான் மிச்சம். மரமெல்லாம் சொட்டச் சொட்ட நிக்குது, கத்திய வைக்க ஏலுமா? இன்னிக்குப் பேர் இல்லேன்னு கங்காணி சொல்லிப்புட்டாரு. வெறுஞ் சிரட்டையப் பாத்துட்டு வந்துட்டோம்."

தோட்ட அலுவலகத்தார் தொழிலாளர்க்கு: "மழை காரணமாக இன்று இறப்பர்ப் பால்வெட்டு நடைபெறமாட்டாது. சமுகமளித்தோருக்கு இன்றைய பெயர் பதியப்படமாட்டாது."

செய்தியாளர் நாட்டு மக்களுக்கு: "எஹலியகொடப் பகுதியில் நேற்று அதிகாலை பெய்த கடும் மழையினால் இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டு தடைப்பட்டது. தொழிலாளர் பலர் ஒருநாள் வருமானத்தை இழந்தனர்."

விவசாய நூலாசிரியர் மாணவர்க்கு: "பட்டை ஈரமாயிருக்குங்கால் வெட்டுவாயில் ஊறும் பால் தனக்குரிய சாலை விட்டுப் பட்டை மேற் பரவும். சிரட்டையில் வீழும் மழைநீர் பாலைக் கெடுக்கும். ஈர வெட்டுவாயைப் பூஞ்சண நோய் எளிதிற் பற்றும். ஆதலின், மரம் உலருமுன் வெட்டுதல் ஆகாது."

புராணக் கதை சொல்வோர் கோயில் மண்டபத்தில்: "கருமுகில்கள் கடல்நீரை வயிறார உண்டு, மதயானைத் திரள்போல மலைச்சாரலை வளைந்து, உயிர்கள் யாவும் உய்யும்பொருட்டுத் தாரைதாரையாகப் பொழிந்தன. மரங்கள் திருமுழுக்காடிய அடியார்போலக் குளிர்ந்து நின்றன."

தொழிலாளர் தோட்ட அதிகாரிக்கு: "கனம் ஐயா, பால்வெட்டுந் தொழிலாளராகிய நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், இம்மாதம் மழையினால் வேலை நின்ற நாட்களிற் பெரட்டுக்குச் சமுகமளித்திருந்தும் எங்களுக்குப் பெயர் பதியப்படவில்லை. அத்தகைய நாட்களில் வேறு வேலையேனும் தந்துதவுமாறு வேண்டுகின்றோம்."

இவ்வாறும் ஒருங்கு வைத்து நோக்கும்பொழுதே விளையாட்டின் கல்விப்பயன் வெளிப்படும். முதலாவதில் வரும் பெயர்ச்சொற்கள் யாவும் கண்ணாற் காணவும் கையாற் தொடவும் கூடியவை: மழை, மரம், கத்தி, சிரட்டை. செயலைச் செய்தவரும் வெளிப்படையாக நிற்கின்றார். பேர் இல்லையெனக் கங்காணி சொன்னார். இரண்டாவதில் மனிதர் எவருமே இல்லர். 'பதியப்படமாட்டாது' என்னும் செயப்பாட்டுவினை, பதியாதவர் யாவர் என்பதனை மறைத்துவிடுகின்றது. மழையே தீர்ப்பளித்தது போன்ற தோற்றம் உண்டாகின்றது. ஆறாவதிலும் அதே செயப்பாட்டுவினை வருகின்றது: 'பெயர் பதியப்படவில்லை'. ஆயின் ஆண்டு அதன் நோக்கம் வேறு. அறிவித்தலில் அதிகாரம் தன்னை மறைத்துக்கொள்கின்றது; விண்ணப்பத்தில் வேண்டுவோர், வேண்டப்படுவோர் மேற் குற்றஞ் சுமத்தாது அவர் மனம் இளகுதற்கு இடம் வைக்கின்றனர். ஒரே இலக்கண வடிவம் இருவர் கையில் இருவேறு கருவியாகும் என்னும் இந்நுட்பத்தை இலக்கணப் பாடம் ஒருமாதம் கற்பித்தாலும் உணர்த்துவது அரிது. இரு குழுக்கள் எதிரெதிரே நின்று படிக்குங்கால் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் உணரும்.

ஏனையவும் இவ்வாறே. செய்தியாளர் நடை, முதலாமவள் சொல்லாத 'வருமானம்' என்னுஞ் சொல்லைச் சொல்கின்றது. ஆனால் அவளைப் 'பலர்' என்னுந் தொகையுள் அடக்கிவிடுகின்றது. நூலாசிரியர் நடை காரணத்தைத் தெளிவுற விளக்குகின்றது. அதில் மரத்துக்கு நோய் உண்டு, மனிதர்க்குப் பசி இல்லை. புராண நடை மழையின் அழகை வேறெந்த நடையினும் மிகுதியாகக் காட்டுகின்றது. அன்றைய கூலி போனமை அதன் கண்ணிற் படவேயில்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பார்வை உண்டு; அப்பார்வைக்கு ஒரு மறைவும் உண்டு. ஆகவே நடை என்பது பொருளின்மேற் போர்த்த ஆடை என்னுங் கருத்து பொருந்தாது. எதனைக் காண்பது, எதனை விடுவது என்பதனைத் தீர்மானிப்பதே நடை. சீட்டில் நடையின் பெயரை எழுதாது மூவகைத் தொடர்பை எழுதியதன் பயன் ஈண்டுப் புலப்படும். 'புராண நடையில் எழுதுக' என்றால் மாணவர் நீண்ட தொகைச்சொற்களைத் தேடுவர்; 'கோயில் மண்டபத்தில் இருப்போர்க்குச் சொல்க' என்றால் அம்மண்டபத்தையே நினைந்து எழுதுவர்.

நடைகள் பலவற்றையும் ஒருவரே ஆளமுடியும் என்பதற்கு ஆறுமுக நாவலரே (1822-1879) தலையாய சான்று. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அப்பெருந்தகை, சிறுவர்க்குப் பாலபாடம் எழுதியபொழுது சிறு வாக்கியங்களைக் கையாண்டார். பெரியபுராணத்தை வசனமாக்கியபொழுது கற்றோரும் மற்றோரும் ஏற்கும் செந்நடை அமைத்தார். கண்டனத் துண்டுப்பிரசுரங்களிலோ அவர்தம் சொல் சுடும், எள்ளும், வழக்குச் சொற்களையும் தயங்காது எடுத்தாளும். பேராசிரியர் வி. செல்வநாயகம் தமிழ் உரைநடை வரலாற்றை 1957இல் நூலாக்கியபொழுது, நடை வேறுபடுதற்குப் பொருளும் காலமும் படிப்போரும் காரணமாதலைச் சான்றுகளோடு நிறுவினார். 'நாவலர் நடை' என ஒருமையிற் கூறி மாணவரை மனப்பாடஞ் செய்விப்பது நாவலரின் ஆற்றலைக் குறைத்துக் கூறுவதேயாகும்.

தோட்டப்புறத்திலும் அத்தகையார் தோன்றினர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) ஆங்கிலத்திற் கவிதை எழுதினார்; தமிழில் நாவல் எழுதினார்; தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். பிறமொழிப் புலமை, தம் மக்கள் மொழியைக் கேட்கும் அவர்தம் செவியை அடைத்துவிடவில்லை.

இதுகாறும் கூறியவை இம்முறையின் நன்மைகள். குறைகளும் மூன்று உள. அவற்றை மறைத்தல் திறனாய்வாகாது.

முதலாவது, குழுவில் வல்லவர் ஒருவர் எழுத ஏனையோர் வேடிக்கை பார்த்தல். எழுதுவோர், சொல் தேடுவோர், ஒவ்வாச்சொல் களைவோர், படிப்போர் எனப் பணியைப் பகுத்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் மாற்றிவிட்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, போலிமை. விரைவில் இனங்காணப்பட வேண்டுமென்னும் ஆவலால் மாணவர் நடையின் புறவடையாளங்களையே குவிப்பர். விண்ணப்பமெனின் 'பணிவுடன்' என்பது ஐந்து முறை வரும். புராணமெனின் உவமை உவமையாய் அடுக்கும். இவ்வாறு எழுதுவது நடையன்று, நடையின் கேலிச்சித்திரம். ஒவ்வாத சொல்லுக்குப் புள்ளி குறைப்பது போலவே வேண்டாத சொல்லுக்கும் குறைத்தல் இதற்கு மருந்து.

மூன்றாவது குறையே பெரியது. எஹலியகொட போன்ற இடத்தில் அது உயிர்நிலையைத் தொடுவது. முதற்குழு எழுதிய மருமகளின் பேச்சு வகுப்பிற் படிக்கப்படும்பொழுது சிரிப்பு எழும். அச்சிரிப்பு இருவகைப்படும். 'இது எங்கள் வீட்டுக் குரல்' என இனங்கண்டு மகிழும் சிரிப்பு ஒன்று. 'இதுவும் ஒரு தமிழா?' என எள்ளும் சிரிப்பு மற்றொன்று. வெளியிலிருந்து கேட்போர்க்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். ஆயின் பின்னதனைக் கேட்ட பிள்ளை, அம்மொழி பேசும் தன் தாயைக் குறித்து நாணத் தொடங்கும். அறிவித்தல் நடையையும் புராண நடையையும் பயின்றதற்கு ஈடாகத் தாய் பேசிய மொழியை இழந்துவிட்டால், அவ்விளையாட்டில் வென்றவர் எவருமிலர்.

இவ்வச்சம் கற்பனையன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்துத் தமிழுலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், சிறுகதையிலும் நாவலிலும் மக்கள் பேச்சுவழக்கு வருவதனை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் கண்டித்தனர். முற்போக்கு எழுத்தாளர் மறுத்து வாதித்தனர். அதற்கு முன்னரே, இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் நாடகங்கள் இயற்றி 1940இல் 'நானாடகம்' என நூலாக வெளியிட்டிருந்தார். மலையகத்தில் என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் தோட்ட மக்கள் பேச்சைக் கதையிற் செவ்விதின் அமைத்தனர். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியாக 1980இல் வெளிவந்தது. இலக்கிய உலகில் அவ்வழக்கு ஓரளவு தீர்ந்துவிட்டது எனலாம். வகுப்பறையில் அது இன்னுந் தீரவில்லை. புலனை வனப்பென்ற தொல்காப்பியத்தைப் போற்றிக்கொண்டே, பேச்சுமொழியில் ஒரு சொல் வந்தவுடன் சிவப்பு மையால் அடித்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு.

இதற்கு மறுதலையான தவறும் ஒன்றுண்டு. 'தோட்டப் பிள்ளைகட்கு அவர்தம் மொழியே போதும். மனுவும் அறிவித்தலும் கற்பித்து ஏன் வருத்துவது?' எனப் பரிவோடு கூறுவார் உளர். அப்பரிவு தீங்கிற் சென்று முடியும். தோட்டத் தமிழரின் வரலாறே அதனை உணர்த்தும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை பெற விரும்பினோர், இடையறாது வதிந்தமையைச் சான்றுகளோடு விண்ணப்பித்து நிறுவுமாறு வேண்டப்பட்டனர். விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர்க்கு உரிமை கிடைக்கவில்லை. அந்த அநீதிக்குக் காரணம் சட்டமேயன்றி எழுத்தறிவின்மையன்று. ஆயினும், மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் தம் வாழ்வைத் தமக்குப் பழக்கமில்லாத நடையில், பிறர் கையால், பிறர் வகுத்த கட்டங்களுள் எழுதுவிக்க நேர்ந்தது என்பது மறக்கற்பாலதன்று. எஞ்சி நின்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேதான் வந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இரத்தினபுரி மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பிக்கலாம். அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது பயன்தருவதற்கு, விண்ணப்பம் எழுதவல்ல கை அவர் வீட்டில் இருத்தல் வேண்டும்.

ஆகவே, ஒரு நடையைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பதும் கூடாது. இருப்பதனைப் புகழ்ந்து வேண்டியதனைக் கொடாது விடுவதும் கூடாது. இரண்டினையும் விலக்கிச் செல்லுதற்கு இவ்விளையாட்டிற் சில திருத்தங்கள் வேண்டப்படும். சீட்டுக்கள் அனைத்துக்கும் புள்ளி சமமாயிருத்தல் வேண்டும். லயத்துப் பேச்சை எழுதுங்குழுவும் ஒவ்வாச்சொல் விதிக்கு உட்படல் வேண்டும். மருமகள் வாயில் 'தடைப்பட்டது' என்று வந்தால் அது பிழையே, மனுவில் 'சொல்லிப்புட்டாரு' என்பது பிழையாவது போல. பேச்சுமொழிக்கும் அதற்குரிய ஒழுங்கு உண்டு, அதிலும் வழுவ முடியும் என்பதனைக் காட்டுவதைப் போல அம்மொழிக்கு மதிப்புத் தருவது வேறில்லை. அந்நடையில் ஐயம் எழுந்தால் ஆசிரியர் தீர்ப்புக் கூறாது, வீட்டுப் பெரியோரைக் கேட்டு வருமாறு பிள்ளைகளை அனுப்பலாம். அன்று மாலை லயத்தில் ஒரு பாட்டி, தன் சொல்லைப் பற்றித் தன்னிடமே பள்ளிக்கூடம் ஐயங்கேட்கின்றது என்பதனை அறிந்து வியப்பாள். தோட்டத்துக்கும் பாடசாலைக்கும் இடையே உள்ள தொலைவை அவ்வொரு வினா பெரிதுங் குறைக்கும்.

இன்னொன்றும் உண்டு. குழு விளையாட்டாகத் தொடங்கியது குழு விளையாட்டாகவே முடிந்துவிடலாகாது. இறுதியாட்டத்திற் சீட்டும் இல்லை, குழுவும் இல்லை. ஒவ்வொரு மாணவரும் தாம் சொல்ல விரும்பும் ஒன்றனைத் தாம் தெரிந்தெடுத்த ஒருவர்க்கு எழுதுதல் வேண்டும். பிறர் நடைகளைப் பூண்டு பார்த்தது அதற்கான பயிற்சியே. ஆடையகத்தில் ஆடைகள் பலவற்றை அணிந்து பார்த்தவர், வெளியே வரும்பொழுது தமக்கு அளவான ஒன்றை உடுத்தே வரவேண்டும். இறுதியாட்டம் இல்லாத விளையாட்டு நல்ல நடிகரை ஆக்கலாம்; எழுத்தாளரை ஆக்காது.

தொகுத்து நோக்கின், குழு முறையில் நடை பயிற்றும் இவ்விளையாட்டு, தமிழ் இலக்கண மரபுக்கு மாறானதன்று. அம்மரபு ஏற்றுக்கொண்ட பன்மையை வகுப்பறைக்குக் கொணர்வது. அதன் பயன் புள்ளிப் பலகையில் அளக்கப்படுவதன்று. எஹலியகொட மலைச்சாரலில் மழை விடாத ஒரு காலையில், பேர் விழாது திரும்பிய தாய் தன் மாமியாரிடம் சொல்வதனை ஒரு பிள்ளை கேட்கின்றது. கேட்டதனை அவ்வாறே எழுதவும், அதனையே அதிகாரி மறுக்கவியலாத விண்ணப்பமாக மாற்றி எழுதவும் அப்பிள்ளைக்கு இயலுமாயின் விளையாட்டு வெற்றி பெற்றதாகும். இரண்டனுள் ஒன்றே இயலுமாயின் அது பாதி வெற்றி. தோட்டத்து மொழியிற் கூறின், அரைப்பேர்.